பதினெட்டு டிகிரிக்கு ஏறிய பீர்

அத்தியாயம் 4

செத்துப்போனவனின் பீருக்கு யாரோ சூடு வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்வதற்காகச் சலவைக்கடை கியுபொம் கடையை அரை நாள் சாத்திவிட்டு வந்திருந்தார். கைபேசியை ஹேசுவின் மேசையில் வைத்துத் திரையைத் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார். துணி வெளுக்கிறவருக்கு எதையும் அழுக்கோடு காட்ட மனம் வராது போலும் என்று டொக்மான் நினைத்துக்கொண்டார்.

டொக்மான் மொக்போ நகரத் தெருக்களில் இருபத்தாறு வருடம் டாக்ஸி ஓட்டியவர். முதுகு மக்கர் செய்ததால் டாக்ஸியை விற்றுவிட்டு, துப்பறியும் ஹேசுவிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. தன்னைவிட எட்டு வயது இளையவளை வாய் நிறைய 'மேடம்' என்று கூப்பிடுவார். அவள் பதிலுக்கு 'அண்ணே' என்பாள். காப்பீட்டுக் கம்பெனியில் பதினைந்து வருடம் பொய்க் கணக்குகளைப் பிடித்துப் பிடித்தே கண் கூர்மையானவள் ஹேசு. முக்கியமானதை மட்டும் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள்.

"இதைப் பாருங்க மேடம்," என்றார் கியுபொம். "எங்க பீர் சங்கத்துல இருபத்துமூணு பேர். எல்லாரும் வீட்லயே காய்ச்சறவங்க. ஒவ்வொருத்தர் பீருக்குள்ளயும் ஒரு மிதவை கிடக்கும். கால் மணிக்கு ஒரு தடவை அது சூட்டை அளந்து எங்க குழுவுக்கு அனுப்பிடும். எவனும் பொய் சொல்ல முடியாது."

"என் பொண்டாட்டி இதைப் பார்த்தா எனக்குள்ளயும் ஒண்ணு போட்டுடுவா," என்றார் டொக்மான்.

யாரும் சிரிக்கவில்லை. மூலை நாற்காலியில் இன்சுவின் அம்மா உட்கார்ந்திருந்தார். கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவர் இருக்கும் அறையில் சிரிக்க யாருக்கும் மனம் வராது. அது டொக்மானுக்கும் தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருப்பதில்லை.

இன்சு அந்த அம்மாவின் ஒரே மகன். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர், வயது இருபத்துமூன்று. அக்டோபரில் ஒரு காலை, கப்பலின் அடித்தொட்டிக்குள் வேலைக்கு இறங்கியவன் ஏறி வரவில்லை. உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறது என்று தாளில் கையெழுத்துப் போட்டிருந்தவன் மேற்பார்வையாளன் மா சுங்சிக். அளந்து பார்க்காமலே போட்ட கையெழுத்து அது. மகனை எரித்துவிட்டு வந்த அம்மா, ஒரு பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சுங்சிக் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் போய் நின்றார். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. காலை ஏழு மணி முதல் இருட்டும் வரை, முப்பத்தொரு நாள். பலகையில் ஒரே வரி: 'காற்று இருக்கிறது என்று எழுதியவரே, வெளியே வந்து என்னைப் பாருங்கள்.'

டிசம்பர் ஒன்றாம் தேதி விடியற்காலையில் சுங்சிக் வெளியே வந்தான். கடல் தடுப்புச் சுவரின்மேல் அவன் காலணிகள் ஜோடியாக, முனை கடலைப் பார்த்தபடி இருந்தன. ஒன்றுக்குள் கைபேசி. உடலைக் கடல் இன்னும் தரவில்லை. கப்பல் தளத்தார் மூன்றே நாளில் அறிக்கை விட்டார்கள். பொறுப்பானவர் இறந்துவிட்டாராம், அவர்கள் ஆழ்ந்த வருத்தத்தில் இருக்கிறார்களாம். எல்லாவற்றையும் செத்தவன் தலையில் கட்டி வழக்கை மூடப் பார்த்தார்கள்.

சுங்சிக் காணாமல் போன மறுநாளே இன்சுவின் அம்மா ஹேசுவைத் தேடி வந்திருந்தார். அன்று அவர் கேட்டது டொக்மானுக்கு இன்னும் காதில் இருந்தது. "அவர் இருக்காரா, செத்தாரான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம். முப்பத்தொரு நாள் நின்னு நான் ஒரு மனுஷனைக் கொன்னுட்டேனான்னு எனக்குத் தெரியணும்."

அதன்பின் அவர் கஞ்சித் தண்ணீர் தவிர வேறெதையும் விழுங்கவில்லை. இன்றோடு ஒன்பது நாள்.

"எங்க சங்கத்து சுங்சிக் போனப்புறம் குழுவுலேர்ந்து அவன் பேரை எடுக்க யாருக்கும் மனசு வரல," என்று கியுபொம் தொடர்ந்தார். "மிதவை பாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. நாங்களும் பாக்கறதை விட்டுட்டோம். நேத்து ஏதோ தோணுச்சு, எடுத்துப் பார்த்தேன். இந்த வரைபடக் கோட்டைப் பாருங்க. பத்து டிகிரி, பத்து, பத்து. நாலாம் தேதி ஏற ஆரம்பிச்சு பதினெட்டு. ரெண்டு நாள் அப்படியே நிக்குது. அப்புறம் இறங்கி பூஜ்யம்."

"அதனால?"

"லாகர் பீரை இப்படித்தான் வெக்கணும் மேடம். ஈஸ்ட் இருக்கே, அது கைக்குழந்தை. சூடு கூடினா ஆட்டம் போட்டு பீரை நாசம் பண்ணிடும், குடிச்சவனுக்கு மறுநாள் மண்டை பிளக்கும். சூடு குறைஞ்சா வேலையைப் பாதியில விட்டுட்டுத் தூங்கிடும். அதனால பத்துலயே வெச்சுக் காவல் காக்கணும். கடைசியில மட்டும் ரெண்டு நாள் பதினெட்டுக்கு ஏத்தணும். அப்பத்தான் பீர்ல இருக்கிற வெண்ணெய் வாசனை போகும். அப்புறம் குளிர்ல ஒரு மாசம். இது காய்ச்சறவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் சம்சாரம் ஒரு மடக்குகூடக் குடிச்சதில்ல, அந்தம்மாவுக்கு இது தெரியவே தெரியாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டு வாசல்ல இவங்க நிக்கிறாங்க, வேலை போச்சு, தூக்கம் போச்சு. வேற எதையும் சரியா வெச்சுக்க முடியாதவன் அந்தப் பீரை மட்டும் பத்து டிகிரியில வெச்சிருந்தான். அவன் கைதான் மேடம் இது. சுங்சிக் உயிரோட இருக்கான்."

மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது. இன்சுவின் அம்மா எழுந்து வந்து அந்தத் திரையைப் பார்த்தார். கோடு ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு என்ன புரிந்திருக்கும்? ஆனாலும் அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒன்பது நாளில் அந்த முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடுவதை டொக்மான் கண்டார். அவருக்குப் பகீரென்றது. ஒரு பீர்ச் சட்டியை நம்பி ஒரு மனுஷியின் உயிர் நிற்கிறதே என்றிருந்தது.

ஹேசு அவசரப்படவில்லை. "ரெண்டே கேள்வி. ஈஸ்ட் போட்டது என்னைக்கு?"

"நவம்பர் இருபத்தேழு. எங்க முன்னாடிதான் போட்டான்."

"பதினெட்டுலேர்ந்து பூஜ்யத்துக்கு நீங்க எப்படி இறக்குவீங்க?"

"ஒரு நாளைக்கு ரெண்டு டிகிரி, மெதுவா. அதட்டக் கூடாது."

ஹேசு உள்ளங்கையில் 27 என்று எழுதினாள். பக்கத்தில் 4 என்று எழுதினாள். பிறகு கையை மூடிக்கொண்டாள்.

* * *

காரில் பின்னிருக்கையில் இன்சுவின் அம்மா இருந்தார். தானும் வருவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றதால் அழைத்து வர வேண்டியதாயிற்று. மருந்துக்கடை முக்கு திரும்பி, அந்த நான்கு மாடிக் கட்டடம் கண்ணில் பட்டதும் அவர் இருக்கையில் சரிந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"இங்கயே நிறுத்துங்க," என்றார். "அந்த வாசலை என்னால பாக்க முடியாது."

"ஹீட்டர் ஓடட்டும்மா," என்றார் டொக்மான். "நாங்க போயிட்டு வந்துடறோம். பாட்டு வேணும்னா அந்தப் பட்டனை அமுக்குங்க. எல்லாம் எழுபதுகள்ல வந்த பாட்டு, என்னை மாதிரியே."

அந்த அம்மா தலையாட்டினார். பாட்டு வேண்டும் என்றா, இல்லை தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டா என்று டொக்மானுக்குத் தெரியவில்லை.

மாடிப்படி ஏறும்போது டொக்மான் கிசுகிசுத்தார். "மேடம், நல்ல சேதிதானே? உங்க மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"

"கியுபொம் நல்ல நண்பர் அண்ணே. நண்பனைத் திரும்பப் பாக்கணும்கிற ஆசையில கணக்குப் போட மறந்துட்டார். நீங்க போடுங்க. இருபத்தேழாம் தேதி ஈஸ்ட் போட்டாச்சு. நாலாம் தேதி சூடு ஏறியாச்சு. எத்தனை நாள்?"

"ஏழு."

"பத்து டிகிரியில அந்த வேலை முடிய ரெண்டு வாரம் ஆகும்னு போன வருஷம் ஒரு கேஸ்ல தெரிஞ்சுக்கிட்டேன். பாதியில ஏன் ஏத்தணும்? அப்புறம் ஒரே நாள்ல பூஜ்யத்துக்குத் தள்ளியாச்சு. கோடு பாக்க அச்சு அசலா இருக்கு. ஆனா நாளும் தப்பு, இறக்கினதும் தப்பு. பதினோரு வருஷம் காய்ச்சினவன் இந்தத் தப்பைச் செய்வானா?"

டொக்மான் படியில் நின்றுவிட்டார். "அப்போ அது அவன் கை இல்லையா?"

"அதைத்தான் பாக்கப் போறோம்."

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தது சுங்சிக்கின் மனைவி மிரான். ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே கருமை இருந்தது. சங்கத்திலிருந்து பீரை எடுத்துப்போக ஆள் வருவார்கள் என்று கியுபொம் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவள் எதுவும் கேட்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. பின்பால்கனியில கிம்ச்சி ஃப்ரிட்ஜ்ல இருக்கு," என்றாள். "எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல."

காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். தரை கதகதப்பாக இருந்தது. பால்கனியில் குளிர் எலும்பைக் குடைந்தது. காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சிக்கென்றே செய்த, மேல்மூடி வைத்த பழைய ஃப்ரிட்ஜ், ஒரே அறை. ஹேசு மூடியைத் தூக்கினாள்.

உள்ளே பீர் வாளி இருந்தது. மூடியில் செருகிய குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. சூடு பூஜ்யம், ஈஸ்ட் சவம்போலத் தூங்கிக் கிடந்தது. ஆனால் மூக்கில் ஏறியது பீர் வாசனை இல்லை. பூண்டு, மீன் சாறு, நன்றாகப் புளித்த முட்டைக்கோஸ். வாளிக்குப் பக்கத்தில், அடித்தட்டில் படிந்திருந்த வெண்பனியில் சதுரமாக ஒரு சிவந்த தடம். ஒரு டப்பா இருந்த இடம் அது. டப்பா மட்டும் இல்லை.

ஹேசு மூடியின் முன்பக்கத்தைக் காட்டினாள். மூன்று பொத்தான்கள். காய்கறி, சேமிப்பு, புளிக்க வை. இப்போது சேமிப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணே, உங்க வீட்ல புதுக் கிம்ச்சியை உள்ள வெச்சதும் எந்தப் பொத்தானை அமுக்குவீங்க?"

"புளிக்க வை. அதை யாரும் யோசிச்சு அமுக்கறதில்லை மேடம். கை தானாப் போகும். ரெண்டு நாள் சூடாக்கிப் புளிக்கவெச்சுட்டு, அதுவே குளிருக்குப் போயிடும்..."

அவர் மறுபடியும் அந்தப் பொத்தானைப் பார்த்தார்.

இரண்டு நாள் சூடு. பிறகு தானாகவே குளிர். கியுபொம் பார்த்துக் கண்கலங்கிய கோடு அப்படியே இந்தப் பொத்தானுக்குள் இருந்தது. சுங்சிக் காய்கறிப் பொத்தானில் பத்து டிகிரிக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். யாரோ ஒரு டப்பாக் கிம்ச்சியைக் கொண்டுவந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்து, வழக்கமான பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். பீருக்கு என்ன ஆகும் என்று அவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த ஊரில் யாரும் அதை நினைக்க மாட்டார்கள்.

"போச்சு," என்றார் டொக்மான். "செத்தவன் திரும்பி வந்தான்னு பார்த்தா வந்தது முட்டைக்கோஸ். கீழ அந்தம்மாகிட்ட என்ன மேடம் சொல்றது? ஃப்ரிட்ஜ்தான் உயிரோட இருக்குன்னு சொல்றதா?"

சொன்ன பிறகு அவருக்கே வாயில் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. காலையில் அந்த முகத்தில் ஓடிய ரத்தம் நினைவுக்கு வந்தது. இப்போது கீழே போய் அதை அவரே வடித்து எடுக்க வேண்டும். டாக்ஸி ஓட்டிய காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறார். அவர்கள் உள்ளே போய் என்ன கேட்டார்கள் என்று ஒருநாளும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததில்லை.

ஹேசு சிவந்த தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

* * *

வாளியைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்கு வந்தபோது மிரான் தரையில் சிறிய சாப்பாட்டு மேசையை விரித்திருந்தாள். மத்தியான நேரத்தில் வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"இவ்வளவு கனத்தைத் தூக்கறீங்க. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. பெருசா ஒண்ணும் இல்ல."

சோறு, முளைப்பயறு சூப், பொரித்த கடற்பாசி, ஒரு தட்டில் காலையில்தான் பிசைந்த பச்சைக் கிம்ச்சி. டொக்மானுக்குச் சாப்பிடும் மனநிலை சுத்தமாக இல்லை. ஆனால் அவருடைய வயிறு அவருடைய மனதை ஒருநாளும் கலந்தாலோசித்ததில்லை. ஒரு துண்டை வாயில் போட்டார். நறுக்கென்றிருந்தது. ருசியும் இருந்தது. ஆனால் பச்சை.

"தங்கச்சி, குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. புளிச்சது கொஞ்சம் இருக்குமா? எனக்குப் பச்சை இறங்காது. நாக்கு பழைய மாடல்."

"இல்லீங்களே. நான் புளிச்சதைத் தொடமாட்டேன். சின்ன வயசுலேர்ந்தே அந்த வாசனை எனக்கு ஆகாது. அது அவருக்குத்தான்..."

அவள் சூப் கிண்ணத்தைச் சும்மாவே நகர்த்தி வைத்தாள்.

ஹேசு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாலாம் தேதி அந்த ஃப்ரிட்ஜ்ல ஒரு டப்பாக் கிம்ச்சி வெச்சு 'புளிக்க வை' பொத்தானை அமுக்கியிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாது, அந்தப் பீருக்குள்ள ஒரு தெர்மாமீட்டர் மிதக்குது. அது சொல்லிடுச்சு. இப்ப டப்பாவைக் காணோம். நீங்க தொடமாட்டீங்க. வீட்ல வேற ஆள் இல்ல. அதைச் சாப்பிட்டது யாருங்க?"

டொக்மான் வாயில் இருந்ததை மென்று விழுங்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன்," என்றாள் மிரான்.

"ஒண்ணாம் தேதி உங்க புருஷன் ஷூ கடல் சுவர்ல கிடந்துச்சு. அப்புறம் ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரங்கதான் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்திருப்பாங்க. அந்தத் துக்கத்துல உக்காந்து முட்டைக்கோஸுக்கு உப்புப் போட்டு, மசாலா பிசைஞ்சு, அவருக்குப் பிடிச்ச பதத்துக்குப் புளிக்கவெச்சு, அடுத்த வீட்டுக்கா குடுத்தீங்க?"

மிரான் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

"நான் போலீஸ் இல்ல," என்றாள் ஹேசு. குரல் தணிந்திருந்தது. "சங்கத்து ஆளும் இல்ல, அதுக்கு மன்னிச்சுக்குங்க. கீழ கார்ல இன்சு அம்மா இருக்காங்க. அவங்கதான் என்னை அனுப்பினாங்க. உங்க வீட்டுக்காரரைப் பிடிச்சுக் குடுக்கறதுக்காக இல்ல. தான் அவரைக் கொன்னுட்டோம்னு அவங்க நினைக்கிறாங்க. ஒன்பது நாளாக் கஞ்சித் தண்ணி மட்டும்தான். இன்னும் ஒன்பது நாள் இப்படியே போனா அந்தம்மா இருக்க மாட்டாங்க."

"அவங்களா?" மிரான் நிமிர்ந்தாள். கோபமா பயமா என்று பிரிக்க முடியாத முகம். "முப்பத்தொரு நாள் வாசல்ல நின்னாங்க. ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நாங்க தாங்கியிருப்போம். மழையிலயும் நின்னாங்க. இவர் திரைச்சீலைக்குப் பின்னாடி நின்னு அவங்களையே பார்த்துக்கிட்டிருப்பார். சாப்பிட மாட்டார், பேச மாட்டார். கடைசியில அந்தப் பீர்கிட்ட மட்டும் போய் உக்காந்துக்குவார்."

"அப்புறம்?"

"சாகத்தான் போனார். ஷூவைக் கழட்டி வெச்சுட்டு ஒரு மணி நேரம் நின்னாராம். முடியல. திரும்ப ஷூவைப் போட்டுக்கிட்டு நடக்க வெக்கமா இருந்துச்சாம். கால் உறையோட பின்சந்து வழியா வீட்டுக்கு வந்தார். விடிஞ்சா ஊரே அவர் செத்துட்டாருங்குது. அப்புறம் கம்பெனிக்காரங்களும் அதையே சொல்லிட்டாங்க. சரி, இப்படியே இருந்துடறேன், இதுதான் எல்லாருக்கும் நல்லதுன்னார். நானும் சரின்னுட்டேன். எனக்கு அவர் வேணும்ங்க. எப்படியாவது வேணும்."

டொக்மான் இப்போதுதான் வாயில் இருந்ததை விழுங்கினார். புளிப்புக் கிம்ச்சி கேட்டதற்காக வாழ்க்கையில் முதல்முறை அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. "எங்க இருக்கார் தங்கச்சி?"

மிரான் மேசை ஓரத்தைத் துடைத்தாள். பிறகு, "அவர் வெளிய வந்தா ஜெயில்ல போடுவாங்க. அவங்களும் மறுபடி வந்து நிப்பாங்க," என்றாள்.

"ஆமா," என்றாள் ஹேசு. "ரெண்டும் நடக்கலாம். நடக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தைதான் மிரானை உடைத்தது என்று பிற்பாடு டொக்மானுக்குத் தோன்றியது. ஒன்பது நாளாக எல்லோரும் அவளிடம் ஆறுதலாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவளும் எல்லோரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் விரலை மேலே காட்டினாள்.

"மொட்டைமாடி அறையில."

* * *

டொக்மான் மூன்று மாடியையும் முதுகு வலியை மறந்து இறங்கினார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். கார்க் கதவைத் திறந்ததும் எல்லாம் காணாமல் போயிற்று.

"இருக்காரும்மா," என்றார். "உயிரோட இருக்கார்."

இன்சுவின் அம்மா அவர் முகத்தையே பார்த்தார். ஏமாற்றுகிறாரா என்று தேடுவது தெரிந்தது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கால் தள்ளாடியது. டொக்மான் கையை நீட்டினார், அவர் அதைப் பிடித்துக்கொண்டார். எதைப் பார்க்க முடியாது என்றாரோ அந்த வாசலுக்குள் அவர் தலைகுனிந்தே நுழைந்தார்.

ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். எலும்பும் தோலுமாக, எடையே இல்லாமல் இருந்தார். டொக்மானின் நாக்கில் வழக்கம்போல ஏதோ ஒரு கிண்டல் வந்து உட்கார்ந்தது. இந்த முறை அவர் அதை வெளியே விடவில்லை.

மொட்டைமாடியில் காற்று வீசியது. மண்ஜாடிகள் வரிசையாக இருந்தன, கொடியில் ஒரு ஆண் சட்டை உறைந்து விறைத்துத் தொங்கியது. சட்டையை உள்ளே காயப்போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும், அல்லது ஒளிந்து அலுத்துவிட்டது. ஓரத்து அறையின் கதவு முன்பு ஹேசுவும் மிரானும் நின்றார்கள். மிரான் கதவைத் தட்டினாள்.

திறந்தவன் நாற்பத்தைந்து வயதுக்காரன். தாடி வளர்ந்து, தோள்கள் கூம்பியிருந்தன. மனைவியைப் பார்த்தான். ஹேசுவைப் பார்த்தான். பிறகு அவர்களுக்குப் பின்னால் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தான். உறைந்த சிமெண்டில் நெற்றி பட விழுந்தான்.

இன்சுவின் அம்மா அருகில் போனார். அவன் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூச்சு விடுகிறானா என்று எண்ணுவதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"நான் உங்களைக் கொல்லல," என்றார்.

"இல்லம்மா. நான்தான் உங்க பையனை..."

"அதை என்கிட்ட சொல்லாதீங்க. ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க. அளக்காமக் கையெழுத்துப் போடுன்னு உங்ககிட்ட சொன்னது யாருன்னும் சொல்லுங்க."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "அளந்துக்கிட்டு நின்னா கப்பலைத் தண்ணியில எப்ப இறக்கறதுன்னு மேலதிகாரிங்க கேட்டாங்கம்மா. தினமும் கேட்டாங்க. அன்னைக்கும் கையெழுத்துப் போட்டேன். சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

"இன்னைக்கே."

"இன்னைக்கே சொல்றேன்மா."

மிரான் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஹேசு அவள் பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை. டொக்மானுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் அந்த அம்மா இன்னும் அங்கேயே நின்றார்.

"ஒன்பது நாளா என் பிள்ளையை நினைச்சு அழ முடியல எனக்கு," என்றார், அவனிடம்தான், ஆனால் குற்றம் சாட்டும் குரலில் இல்லை. "கண்ணை மூடினா அவன் முகம் வரணும்ல. வராது. நீங்கதான் வருவீங்க, தண்ணி சொட்டச் சொட்ட. உங்களை விலக்கிட்டு அவனைப் பாக்க என்னால முடியல. பெத்த பிள்ளையை இன்னொரு தடவை தொலைச்ச மாதிரி இருந்துச்சு."

சுங்சிக்கின் தோள்கள் குலுங்கின.

"எந்திரிங்க. சட்டை மாத்திக்கிட்டு வாங்க. வெளிய குளிருது."

அவன் எழுந்து அறைக்குள் போனான். மிரானும் பின்னால் போனாள். இன்சுவின் அம்மா மெல்ல நடந்து மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்தார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கையை மார்பில் வைத்தார். முதலில் வெறும் மூச்சு வந்தது. பிறகு குரல் வந்தது. மகனை எரித்த அன்றும் இப்படி அழுதிருக்க மாட்டார் என்று டொக்மான் நினைத்தார். கீழ்மாடிகளில் கதவுகள் திறந்தன, யாரோ எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

இன்சு, என் இன்சு என்று அவர் அழுதார். ஹேசுவும் டொக்மானும் காற்றில் நின்று காத்திருந்தார்கள். அந்த அழுகையில் வேறு யாருடைய பெயரும் இல்லை.